200 ஐட்டம் அலர்ஜி டெஸ்ட் எடுக்கணுமா, நேரா ஆபரேஷனே பண்ணிக்கணுமா?

தம்பி, உங்க கேள்விய மத்தவங்களுக்கும் புரியற மாதிரி சுருக்கி சொல்லிட்டு பதிலுக்கு வரேன். குடியாத்தத்துல வீடு, ஆம்பூர்ல ஷூ கம்பெனி வேலை, வயசு 34, காலைல எழுந்ததும் வரிசையா தும்மல், ராத்திரி மூக்கடைப்பு, நெத்தியில தலைவலி, வாசனை முன்ன மாதிரி தெரியல. ரொம்ப வருஷமா மெடிக்கல்ல கேட்டு வாங்குற லெவோசெட்ரிசின் மான்டிலுகாஸ்ட் மாத்திரையும், ராத்திரி மூக்குல விடுற சொட்டு மருந்தும் ஓடுது. ஒரு லேப்ல 200 ஐட்டம் ரத்த டெஸ்ட் எடுன்னு சொல்றாங்க, இன்னொரு எடத்துல மூக்குத்தண்டு வளைஞ்சிருக்கு ஆபரேஷன் பண்ணிடலாம்னு சொல்றாங்க, எத மொதல்ல பண்றதுன்னு கேட்டிருக்கீங்க.

ரெண்டையுமே மொதல்ல பண்ணாதீங்க, அவ்ளோதான் என் பதில். நான் டாக்டர் இல்ல, அலர்ஜி டெஸ்ட் பண்ற ரூம்ல வருஷக்கணக்கா கையில சொட்டு வெச்சி குத்துற வேலை பாக்குறவன். அங்க வர்றவங்கள்ல பாதி பேர் டெஸ்ட்தான் நோயை கண்டுபுடிக்கும்னு நெனச்சிக்கினு வராங்க. அப்படி இல்லங்க. நீங்க சொல்ற கதையில ஒரு சந்தேகம் வரணும், அந்த சந்தேகம் சரியா தப்பான்னு சொல்லத்தான் டெஸ்ட். கதையே கேக்காம 200 ஐட்டம் பாத்தா அதுல ஏதாவது நாலஞ்சு பாசிடிவ் வரும், அத வெச்சி கத்திரிக்கா நிறுத்து, கடலை நிறுத்து, பால் நிறுத்துன்னு ஒரு லிஸ்ட் குடுப்பாங்க, மனுஷன் இளைச்சி போவான், தும்மல் மட்டும் அப்படியே இருக்கும்.

உங்க கதைய பாத்தா ஒரே நோய் மாதிரி எனக்கு தெரியல. காலைல தும்மல், மூக்கு அரிப்பு, கண்ணு அரிப்பு, தண்ணி மாதிரி ஒழுகுறது, இது அலர்ஜி பக்கம். மூக்கடைப்பு, கெட்டியான சளி, தொண்டை பின்னாடி எறங்கறது, வாசனை கம்மியாகறது, மொகத்துல பாரம், இதெல்லாம் 12 வாரத்துக்கு மேல விடாம இருந்தா நாள்பட்ட சைனஸ் பக்கம் (சைனஸ்னா மூக்கை சுத்தி எலும்புக்குள்ள இருக்கற காத்து அறைங்க, அது வீங்கறதையும் அதே பேர்லதான் சொல்றோம்), அதையும் மூக்குக்குள்ள எண்டோஸ்கோப்ன்ற கேமரா குழாய விட்டு பாத்தோ சி.டி. ஸ்கேன் எடுத்தோதான் உறுதி பண்ணுவாங்க. ரெண்டும் சேந்தும் இருக்கும், ஒண்ணு இல்லாம இன்னொண்ணும் இருக்கும்.

தலைவலிய நான் தனியா எடுத்து வெக்கறேன். நெத்தியில வலி வந்தா நம்ம ஜனங்க சைனஸ்னு முடிவு பண்ணிடுவாங்க. அமெரிக்காவுல 2004ல வந்த ஒரு ஆய்வுல எனக்கு சைனஸ் தலைவலின்னு சொல்லிக்கினு இருந்த 2991 பேரை வெச்சி பாத்ததுல 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகை தலைவலி. மைக்ரேன்லயும் மூக்கு ஒழுகும், கண்ணு கலங்கும், கன்னத்துல பாரம் தெரியும், அதனாலதான் கொழப்பம். உங்களுக்கு வேலூர் வெயில்ல பைக் ஓட்டிக்கினு போனா வருதா, சாப்பாடு தள்ளிப்போனா வருதா, வெளிச்சமும் சத்தமும் எரிச்சலா இருக்கா, குமட்டுதா? ஆமான்னா அத டாக்டர்கிட்ட தனியா சொல்லுங்க. மூக்கு ஆபரேஷன் பண்ணி மைக்ரேன் போகாது, அப்புறம் ஆபரேஷன் ஃபெயிலுன்னு டாக்டரை திட்டுவோம்.

இன்னொரு கேள்வி கம்பெனி. ஞாயித்துக்கெழமை, பொங்கல் லீவு நாள்ல மூக்கு நல்லா இருக்கா? ஒட்டற சொல்யூஷன் வாசனை, லெதர் பஃபிங் தூசி, இதெல்லாம் மூக்கை எரிச்சல் பண்ணியே அடைக்கும், அதுக்கு அலர்ஜின்னு பேர் கெடையாது, கையில குத்துற டெஸ்ட்ல அது தெரியவும் தெரியாது. குத்துற டெஸ்ட் பெரும்பாலும் வீட்டு தூசியில இருக்கற கண்ணுக்கு தெரியாத உண்ணி, மகரந்தம், பூஞ்சை, கரப்பான் மாதிரி புரோட்டீன் இருக்கற சமாச்சாரத்துக்குத்தான். தோல் தொழில்ல குரோமியம் பட்டு கையில அரிப்பு வருதே அதுக்கு முதுகுல ஒட்டி ரெண்டு நாள் கழிச்சி பாக்குற பேட்ச் டெஸ்ட்னு வேற ஒண்ணு இருக்கு, மூக்குக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. எடம் மாத்தி நல்ல காத்து வர்ற லைன்ல போட சொல்லி கேக்க முடிஞ்சா, மாஸ்க் போட முடிஞ்சா, மாத்திரைய விட அது பெருசு. கேக்கறது கஷ்டம்னு எனக்கும் தெரியும்.

இப்ப டெஸ்டுக்கு வரேன், என் ஏரியா. ஸ்கின் பிரிக் டெஸ்ட்னா முன்னங்கையில உள்பக்கம் பேனாவுல கோடு போட்டு வரிசையா சொட்டு வெச்சி, ஒவ்வொரு சொட்டு மேலயும் சின்ன ஊசி முனையால தோல்ல லேசா ஒரு அழுத்து, ரத்தம் வர கூடாது, வலி கொசுக்கடி அளவு. 15லருந்து 20 நிமிஷத்துல படிச்சிடுவோம். வரிசையில ரெண்டு சொட்டு டெஸ்டுக்கே காவல். ஒண்ணு வெறும் உப்புத்தண்ணி, அது வீங்கவே கூடாது. இன்னொண்ணு ஹிஸ்டமின், அலர்ஜி வந்தா உடம்பே விடற அரிப்பு பொருள், அது எல்லாருக்கும் வீங்கியே ஆகணும். மத்ததுல உப்புத்தண்ணிய விட 3 மில்லிமீட்டராவது பெருசா தடிப்பு வந்தாத்தான் பாசிடிவ். ரிப்போர்ட் வாங்கும்போது இந்த ரெண்டு கண்ட்ரோலும் எழுதியிருக்கான்னு பாருங்க, இல்லன்னா அந்த பேப்பருக்கு மதிப்பு இல்ல.

ஹிஸ்டமினே வீங்கலன்னா உடம்புல மாத்திரை இருக்குன்னு அர்த்தம். உங்க மாத்திரையில இருக்கற லெவோசெட்ரிசினை டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தணும், அதோட சளி மாத்திரை, இருமல் சிரப், அவில் இதெல்லாத்துலயும் இதே வகை மருந்து இருக்கும், ஜனங்க அத மறந்துட்டு "நேத்து ராத்திரி ஒரே ஒரு சளி மாத்திரைதாண்ணா போட்டேன்"னு வந்து நிப்பாங்க, திருப்பி அனுப்பறத தவிர வழி இல்ல. மனச்சோர்வுக்கும் தலைவலிக்கும் குடுக்கற அமிட்ரிப்டிலின் மாதிரி சில மாத்திரையும் டெஸ்டை கெடுக்கும், ஆனா அத நீங்களா நிறுத்தக் கூடாது, எழுதி குடுத்த டாக்டரை கேக்கணும். மூக்கு ஸ்ப்ரேவ நிறுத்த தேவையில்ல. பி.பி.க்கு பீட்டா பிளாக்கர் போடறவங்க, ஆஸ்துமா அடங்காம வீசிங் ஓடிக்கினு இருக்கறவங்க இத முன்னாடியே சொல்லிடுங்க, எதிர்பாக்காம ரியாக்‌ஷன் வந்தா சமாளிக்கறது கஷ்டம்.

மாத்திரை நிறுத்தவே முடியாதவங்களுக்கு, தோல் முழுக்க எக்ஸிமான்ற அரிப்பு படை இருக்கறவங்களுக்கு ரத்தத்துல ஸ்பெசிபிக் ஐஜிஇ (ஒரு குறிப்பிட்ட பொருளுக்கு எதிரா உடம்பு உண்டாக்கற அலர்ஜி புரோட்டீன்) பாக்கலாம், அதுக்கு எதையும் நிறுத்த வேணாம். அதையும் உங்க கதைக்கு பொருந்துற அஞ்சாறு ஐட்டத்துக்கு மட்டும் கேளுங்க. டோட்டல் ஐஜிஇன்னு தனியா ஒரு நம்பர் குடுப்பாங்க, அது 800 இருக்கு 1200 இருக்குன்னு பயந்து போய் வருவாங்க, நம்ம ஊர்ல வயித்துல பூச்சி இருந்தாலே அது ஏறும், அத மட்டும் வெச்சி அலர்ஜின்னு சொல்ல முடியாது. சாப்பாட்டுக்கு ஐஜிஜின்ற வேற ஒரு எதிர்ப்பு புரோட்டீனை பாக்கற பேனல்னு ஒண்ணு விக்கறாங்களே, அதுக்கு காசு குடுக்காதீங்க, அந்த ஐஜிஜி நீங்க அந்த பொருளை சாப்பிடறீங்கன்னு காட்டும், அலர்ஜிய காட்டாது. தயிர், வாழைப்பழம் நிறுத்தணுமான்னும் கேட்டிருந்தீங்க. பெரியவங்களுக்கு மூக்கு மட்டும் தொல்லை பண்ணா சாப்பாடு காரணமா இருக்கறது அபூர்வம், ஒரு பொருள் சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல வாய் அரிப்பு, தடிப்பு, வாந்தி வந்தா அது வேற கதை.

பாசிடிவ் வந்துட்டா உடனே நோய் இல்ல, இதயும் புரிஞ்சிக்கணும். கரப்பானுக்கு கையில தடிப்பு வரும், ஆனா அந்தாளுக்கு தொந்தரவே இருக்காது. நம்ம பக்கம் நான் அதிகமா பாக்கறது வீட்டு தூசி உண்ணி, அப்புறம் கரப்பான், சில பூஞ்சை, அப்புறம் பாலாத்து பக்கமெல்லாம் மண்டிக் கெடக்கற வேலிகாத்தான், ரோட்டோரம் மழைக்கப்புறம் பூக்கற பார்த்தீனியம். வெயில் காலத்துல வெளிய போனா தும்மல், வீட்டுக்குள்ள வந்தா சரின்னா மகரந்தத்த சந்தேகப்படலாம். வருஷம் முழுக்க காலைல படுக்கைய விட்டு எழும்போது தும்மல், ஐப்பசி கார்த்திகை மழையில ஈரம் ஏறும்போது அதிகம், மார்கழியில பீரோவுல இருந்து கம்பளி எடுத்த அன்னைக்கு உச்சம்னா உண்ணிதான் மொத சந்தேகம். நீங்க எழுதுனத பாத்தா எனக்கு உண்ணி மேலதான் சந்தேகம், டெஸ்ட் அத சொல்லட்டும்.

சரி, ஆபரேஷன். மூக்குத்தண்டு நூல் புடிச்ச மாதிரி நேரா இருக்கறவங்க ரொம்ப கம்மி. வளைவு இருக்கறதும் அதுதான் காரணம்ன்றதும் ஒண்ணு இல்ல. எப்பவும் ஒரே பக்கம் அடைப்புன்னா தண்டு மேல சந்தேகம் வரலாம், ஒருக்களிச்சி படுத்தா கீழ் பக்கம் அடைச்சி, திரும்பி படுத்தா இந்த பக்கம் மாறுதுன்னா அது உள்ள இருக்கற சதை வீங்கி சுருங்கற வேலை. "மூக்குல சதை வளந்திருக்கு"ன்னு சொல்லி அனுப்பறாங்களே, அது எந்த சதைன்னு கேளுங்க: மூக்கு பக்கச் சுவர்ல எல்லாருக்கும் இருக்கற டர்பினேட் வீங்கியிருக்கா, இல்ல பாலிப்பா? பாலிப்னா திராட்சை மாதிரி வெளுப்பா தொங்கும், தொட்டா வலிக்காது, வாசனைய திருடிடும். உங்களுக்கு வாசனை கம்மின்னு சொன்னதால எண்டோஸ்கோப்ல இத பாக்க சொல்லி கண்டிப்பா கேளுங்க. பாலிப்பும் ஆஸ்துமாவும் சேந்து இருந்து, ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை போட்டா மூச்சு திணறுதுன்னா அது ஒரு தனி வகை, அந்த மாத்திரைங்க பக்கம் போகவே கூடாது.

சி.டி.ய சளி புடிச்சிருக்கற வாரத்துல எடுக்காதீங்க, சாதாரண ஜலதோஷத்துலயே எல்லா சைனஸும் மங்கலா தெரியும். மருந்து ஒழுங்கா பாத்து, அப்பவும் சரியாகலன்னா அப்ப எடுக்கறதுதான் பிரயோஜனம். பழைய மாதிரி எக்ஸ்ரே எடுத்து "சைனஸ் இருக்கு"ன்னு சொல்றதுல பெருசா விஷயம் இல்ல. ஒரே ஒரு பக்கம் கன்னத்துல மட்டும் நாத்தம் புடிச்ச சளின்னா மேல் கடவாப்பல்லை பல் டாக்டர்கிட்ட காட்டணும், பல்லு வேர்ல இருக்கற சீழ்தான் சைனஸுக்குள்ள போயிருக்கும், எத்தன ஆன்டிபயாடிக் போட்டாலும் பல்லை பாக்காம அது அடங்காது. இன்னொரு வகை பூஞ்சை சைனஸ், பிசின் மாதிரி கெட்டி சளி, அடிக்கடி ஒரு பக்கமாவே இருக்கும், அதுக்கு ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும். பாலிப் மருந்துக்கு அடங்கலன்னாலும் ஆபரேஷன்தான். ஆனா அதுக்கப்புறமும் ஸ்ப்ரேவும் கழுவறதும் தொடரணும், ஏன்னா ஆபரேஷன் வழிய தொறந்து விடுது, மருந்து உள்ள போய் சேர வெக்குது, அலர்ஜிய வெட்டி எடுக்கறதில்ல. தொறந்ததும் நிறுத்திட்டா பாலிப் திரும்ப வரும்.

இப்ப மருந்து. மொதல்ல அந்த ராத்திரி சொட்டு மருந்து, சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் எந்த பேர்ல வந்தாலும் 5 நாளைக்கு மேல வேணாம். விட்ட நிமிஷம் மூக்கு தொறக்கும், பல நாள் விட்டா மருந்து எறங்கும்போது முன்ன விட மோசமா அடைக்கும், அத தொறக்க மறுபடி சொட்டு, இப்படியே போகும். உங்க மூக்கடைப்புல பாதி இந்த சொட்டாலயே இருக்கலாம்னு நான் நெனைக்கறேன். திடீர்னு நிறுத்தினா தூங்க முடியாது, அதனால டாக்டர் ஸ்டீராய்டு ஸ்ப்ரே ஆரம்பிச்சி குடுத்து, மொதல்ல ஒரு பக்கம் சொட்ட நிறுத்தி, அது தொறந்தப்புறம் அடுத்த பக்கம் நிறுத்த சொல்வாங்க.

அந்த ஸ்ப்ரே, ஃபுளூட்டிகசோன், மொமெட்டசோன், புடசொனைடு, இதுதான் அலர்ஜிக்கும் நாள்பட்ட சைனஸுக்கும் மெயின் மருந்து. ஸ்டீராய்டுன்னு கேட்டதும் பயப்படறாங்க, மூக்குல அடிக்கறதுல உடம்புக்குள்ள போறது ரொம்ப கொஞ்சம், கண் அழுத்தம் இருக்கறவங்க மட்டும் டாக்டர்கிட்ட சொல்லிடணும். "ரெண்டு நாள் அடிச்சேன் கேக்கல"ன்னு தூக்கி போடறதுதான் நான் அதிகமா கேக்கற வார்த்தை. அது சொட்டு மருந்து மாதிரி இல்ல, தெனமும் அடிக்கணும், முழு பலன் தெரிய 2 வாரம் ஆகும். அடிக்கற விதமும் முக்கியம்: தலைய லேசா குனிஞ்சிக்கினு, வலது மூக்குக்கு இடது கையால, இடது மூக்குக்கு வலது கையால, முனை நடு தண்டை பாக்காம அந்தந்த பக்கத்து காதை பாக்கணும். அடிச்சிட்டு மெதுவா மூச்சு இழுத்தா போதும், வேகமா உறிஞ்சினா மருந்து தொண்டைக்கு போய் வயித்துல சேரும். நடு தண்டு மேல அடிச்சா எரியும், மூக்குல ரத்தம் வரும், வந்ததும் மருந்து சரியில்லன்னு நிறுத்திடுவாங்க.

ஸ்ப்ரேவுக்கு முன்னாடி மூக்கை உப்புத்தண்ணியில கழுவினா இன்னும் நல்லது. மெடிக்கல்ல பாட்டிலும் பாக்கெட்டும் கெடைக்குது, வீட்ல செய்யணும்னா அயோடின் சேக்காத சுத்தமான உப்பு 3 டீஸ்பூன், சமையல் சோடா 1 டீஸ்பூன் கலந்து வெச்சிக்கினு, அதுல ஒரு டீஸ்பூனை 240 மில்லி தண்ணியில கரைங்க. தண்ணி கொதிக்க வெச்சி ஆற வெச்சதா இருக்கணும், நல்லா பொங்கி ஒரு நிமிஷமாவது கொதிக்கணும். கேன் தண்ணி, போர் தண்ணி, குழாய் தண்ணி நேரா விடவே கூடாது. கேரளாவுல 2024, 2025ல மூளையை தின்னும் அமீபான்னு செய்தி வந்துதே, அந்த அமீபா உள்ள போறது மூக்கு வழியாத்தான். குடிச்சா ஒண்ணும் ஆகாத தண்ணி மூக்குல போனா ஆபத்து ஆகலாம். நொச்சி ஆவி புடிக்கறது சொகமா இருக்கும், புடிங்க, ஆனா அது வைத்தியம் ஆகாது, சின்ன பசங்கள பக்கத்துல விடாதீங்க, கொட்டி வெந்து போறாங்க.

மாத்திரை தும்மலுக்கும் அரிப்புக்கும் கேக்கும், அடைப்புக்கு அவ்வளவா கேக்காது. தேவைன்னா தூக்கம் கம்மியா வர்ற ஃபெக்ஸோஃபெனடின் மாதிரி ஒண்ணை தனியா கேட்டு வாங்கலாம். மான்டிலுகாஸ்ட் கலந்தத வருஷக்கணக்கா முழுங்கறத பத்தி கொஞ்சம் யோசிங்க. 2020 மார்ச்சுல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ. அதுக்கு ரொம்ப கடுமையான எச்சரிக்கை போட்டாங்க, கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் கூட சிலருக்கு வருதுன்னு, வெறும் மூக்கு அலர்ஜிக்கு வேற மருந்து கேக்காதவங்களுக்கு மட்டும் குடுங்கன்னு. ஆஸ்துமாவுக்காக டாக்டர் குடுத்திருந்தா நீங்களா நிறுத்தாதீங்க. அப்புறம் வருஷத்துக்கு ஒரு ஊசி போட்டா சைனஸ் வராதுன்னு ஒரு பழக்கம் ஓடுது, அது உடம்புல பல வாரம் தங்கற ஸ்டீராய்டு. சுகர் இருக்கறவங்களுக்கு தூக்கி அடிச்சிடும், எலும்பும் தேயும். வேணாம்னு சொல்லுங்க. சளி மஞ்சளா இருக்கறதால மட்டும் ஆன்டிபயாடிக் கேக்காதீங்க, நிறத்த வெச்சி கிருமி எதுன்னு சொல்ல முடியாது.

இவ்ளோவும் மாசக்கணக்குல ஒழுங்கா பண்ணியும் அடங்கல, டெஸ்ட்ல வந்ததும் உங்க கதையும் ஒத்துப்போகுதுன்னா இம்யூனோதெரபி இருக்கு. எதுக்கு அலர்ஜியோ அதையே கொஞ்சம் கொஞ்சமா குடுத்து உடம்பை பழக்கறது. 1911ல லண்டன்ல லெனர்ட் நூன்ன்ற டாக்டர் புல்லு மகரந்தத்துக்கு ஆரம்பிச்சது, இன்னைக்கும் அலர்ஜிய வேர்ல தொடற வைத்தியம் இது ஒண்ணுதான். ஊசியாவும் இருக்கு, நாக்குக்கு அடியில வெக்கறதும் இருக்கு. 3லருந்து 5 வருஷம் ஆகும், ஆரம்பத்துல வாராவாரம் ஊசி, போகப்போக மாசம் ஒண்ணு. நடுவுல விட்டா காசும் போச்சு, அதனால ஷிஃப்ட்டு வேலைக்கு ஒத்து வருமான்னு பாத்துட்டு எறங்குங்க. ஊசி போட்டதும் 30 நிமிஷம் அங்கயே உக்காரணும், கடுமையான ரியாக்‌ஷன் வந்தா போடற அட்ரினலின் ஊசி கையில இருக்கற எடமா இருக்கணும், மருந்து பாட்டிலை வீட்டுக்கு எடுத்துக்கினு போய் தெரு முனை கிளினிக்ல போட்டுக்கற வேலை வேணாம். 20 அலர்ஜனை, அதாவது அலர்ஜி பண்ற பொருளை, ஒரே பாட்டில்ல கலந்து குடுக்கறேன்னு சொன்னா, எதுக்காக அத்தனைன்னு கேளுங்க.

வீட்ல பெருசா செலவு பண்ணாதீங்க. தலகாணி உறை, பெட்ஷீட்ட வாரம் ஒரு தடவ சுடுதண்ணியில தொவைங்க, கொதிக்க வேணாம், 60 டிகிரி போதும். நம்ம ஊரு வெயில்ல மெத்தைய போட்டா உண்ணி காய்ஞ்சி சாகும், ஆனா அதோட கழிவு உள்ளயே தங்கும், அலர்ஜி பண்றதே அந்த கழிவுதான், அதனால தட்டற வேலைய உங்களுக்கு பதிலா வேற யாராவது பண்ணட்டும். பழைய இலவம்பஞ்சு மெத்தைய தூக்கிட்டு கோரைப்பாயில ஒரு மாசம் படுத்து பாருங்க, பைசா செலவு இல்லாத டெஸ்ட் அது. கொசுவத்திக்கு பதிலா வலை. போகி அன்னைக்கு விடிகாலைல டயர் கொளுத்தற தெருவுல இருந்தா ஜன்னல மூடிக்கினு உள்ள இருங்க.

எங்க போறதுன்னா, வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில இ.என்.டி. (காது மூக்கு தொண்டை) பிரிவு இருக்கு, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலயும் இருக்கு. கல்கத்தாவுல இருந்து ரயிலேறி காட்பாடியில வந்து எறங்கறாங்க ஜனங்க, நாம பக்கத்துலயே இருந்துக்கினு மெடிக்கல் கவுண்டர்ல நின்னு "சைனஸ் மாத்திரை குடுங்கண்ணா"ன்னு கேக்கறோம். போகும்போது என்ன மருந்து எத்தன நாளா போடறீங்க, எந்த மாசம் அதிகம், லீவுல எப்படி, ராத்திரி இருமலோ வீசிங்கோ இருக்கா, வலி மாத்திரை ஏதாவது ஒத்துக்கலயான்னு ஒரு பேப்பர்ல எழுதிக்கினு போங்க, ஓ.பி. கூட்டத்துல டாக்டர் கேக்கற நேரத்துல எல்லாம் மறந்து போகும்.

கண்ணை சுத்தி வீக்கம், பார்வை ரெண்டா தெரியறது, கண்ணு வெளிய தள்ளறது, காய்ச்சலோட தாங்க முடியாத தலைவலி, கழுத்து விறைப்பு, சுகர் இருக்கறவங்களுக்கு மூக்குல கருப்பா பொருக்கு இல்ல மொகம் மரத்துப் போறது (2021ல கொரோனாவுக்கப்புறம் கருப்பு பூஞ்சைன்னு பாத்தோமே அது) இதுல எது வந்தாலும் ராத்திரி ஆனாலும் நேரா எமர்ஜென்சிக்கு போயிடுங்க, காலைல ஓ.பி. டோக்கன் போடலாம்னு காத்திருக்காதீங்க. ஒரே பக்கம் மூக்குல ரத்தம் கலந்து அடிக்கடி வந்தாலோ, குனியும்போது ஒரு பக்கம் மட்டும் தெளிஞ்ச தண்ணி சொட்டினாலோ அந்த வாரத்துக்குள்ள இ.என்.டி. டாக்டரை பாத்துடணும், அதுக்கு அலர்ஜி மாத்திரை போட்டுக்கினு உக்காராதீங்க.